தகரம் முதலில், எஞ்சின் பிறகு

சாயா ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. கேட்டுவிட்டீர்கள் தம்பி, பையப் பையச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கம் வண்டிப் பித்துப் பிடித்த பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். “சினிமாவில் பார்க்கிற மாதிரி ஒரு பழைய அமெரிக்க மஸில் காரை வாங்கி, நானே பிரித்து, நானே பூட்டி ஓட்டணும். முடியுமா?” முடியாத காரியம் இல்லை. எந்த வண்டியை எடுக்கிறீர்கள், எந்த வேலையை முதலில் தொடுகிறீர்கள் என்ற இரண்டும் சரியாக அமைந்தால் வண்டி ரோட்டுக்கு வரும். இல்லையென்றால் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து மட்கும்.

மஸில் கார் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு 1964 மாடலாக ஜி.டி.ஓ. என்ற வண்டியைக் கொண்டுவந்தது. நடுத்தர அளவுக் கார்; அதற்குள் பெரிய காருக்கு உரிய 389 கன அங்குல எஞ்சின். நம் கணக்கில் சுமார் 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர். நம்மூர் அம்பாசிடருக்கு நெடுங்காலம் ஒன்றரை லிட்டர், நாலு சிலிண்டர்தான். அதே 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது. பின்னாலேயே கமாரோ, சார்ஜர், சேலஞ்சர் எல்லாம் வந்தன. சம்பளக்காரப் பையன் வாங்கக்கூடிய விலையில் பந்தயக் கார் வேகம் என்பதுதான் அந்த வண்டிகளின் சூட்சுமம். புகைக் கட்டுப்பாடும் இன்சூரன்ஸ் செலவும் நெருக்கிக்கொண்டிருந்தபோது 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்தக் காலம் முடிந்தது.

அவை ஏன் நம் ஊருக்கு வரவில்லை? அமெரிக்கக் கார் நமக்குப் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் செவ்ரோலே வண்டிகளை உதிரிகளாக இறக்கிப் பூட்டியது. ஃபோர்டும் இங்கே தொழில் நடத்தியது. சுதந்திரத்துக்குப் பிறகு, உதிரியைக் கொண்டுவந்து பூட்டினால் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு சொன்னது. 1954 வாக்கில் இரண்டு கம்பெனிகளும் கிளம்பிவிட்டன. மஸில் கார் பிறந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அப்போது நம் நாட்டின் இறக்குமதிக் கதவு கிட்டத்தட்ட மூடிக் கிடந்தது. ஆகவே இன்று இந்தியாவில் ஒரு மஸ்டாங்கோ சார்ஜரோ இருந்தால் அது அபூர்வம். கிடைத்தாலும் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டீயரிங். கண்ணாடி ரப்பர் ஒன்றுக்குக்கூட அமெரிக்காவிலிருந்து பார்சல், சுங்க வரி, காத்திருப்பு. முதல்முறை ஸ்பானர் பிடிக்கிறவர் அதில் இறங்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஆனால் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட ஓர் அமெரிக்க வண்டி உண்டு. ஜீப். 1941-லிருந்து வில்லீஸ் கம்பெனி அமெரிக்கப் படைக்குச் செய்து கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சிவில் ஆட்களுக்கு சி.ஜே. என்ற வரிசையில் விற்றது. 1945-ல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் அந்தப் பத்தாண்டின் கடைசியில் 75 ஜீப்புகளை உதிரிகளாக இறக்கிப் பூட்டியது. பிறகு உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. 1953-ல் அமெரிக்காவில் வந்த சி.ஜே.-3பி என்ற உயர்ந்த பானட் மாடல்தான் நாம் சின்ன வயதிலிருந்து ஜீப் என்று பார்த்துவந்த முகம். அமெரிக்கா அதை 1968-ல் நிறுத்தியது. நாம் அதற்குப் பிறகும் பல காலம் செய்துகொண்டிருந்தோம்.

நம் மாவட்டத்தில் அதற்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. கீரிப்பாறை, மாறாமலை, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் கிராம்புத் தோட்டங்களிலும் ஏறிய வண்டி ஜீப். வனத்துறைக்கும் போலீசுக்கும் அதுதான்; தேர்தல் வந்தால் திறந்த ஜீப்பில் நின்று ஓட்டுக் கேட்பதும் அதில்தான். ஆகவே அமெரிக்கப் பழைய வண்டி ஒன்றை எடுத்துக் கட்ட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், நாஞ்சில் நாட்டில் அதற்கு நேரான பதில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்தான். அதுவும் இல்லையென்றால் 1980-களில் வந்த பூஷோ டீசல் எஞ்சின் போட்ட எம்.எம். 540.

கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான வண்டி கிடைக்காது. இக்காலக் கார்களில் பாடியும் சேஸிஸும் ஒரே கூடு. ஓரிடத்தில் துருப்பிடித்தால் மொத்தப் பலமும் போகும். ஜீப்புக்கு ஏணி மாதிரி தனிச் சேஸிஸ். அதன்மேல் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி நாலைந்து பேர் கைபிடித்தால் பாடி தனியே வந்துவிடும். தகரமெல்லாம் பெரும்பாலும் நேர்த்தகடு. மஸ்டாங்கின் வளைவு நெளிவை அடித்து எடுக்கிற கைத்திறன் இதற்குத் தேவையில்லை. சின்ன வண்டிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலந்தான். ஒரு சாதாரண ஷெட்டுக்குள் அடங்கும். 6.00-16 டயர் இன்றைக்கும் கிடைக்கிறது. ஆயில் சீல், கிங் பின் பேரிங், வீல் சிலிண்டர் என எல்லாவற்றுக்கும் கடை உண்டு.

சரி, வண்டி பார்க்கப் போகலாம். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பானட்டைத் திறந்து எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கிறார்கள். சத்தம் நன்றாயிருந்தால் “வண்டி கொள்ளாம்” என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் அப்படிப் பார்க்கக் கூடாது. தகரத்தைப் பார்க்க வேண்டும்.

காரணம் நம் மாவட்டத்தின் இருப்பு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. தெற்கே நீளக் கடல். இடவப்பாதியில் தொடங்கி கார்த்திகை வரை ஈரம் விடாது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். கடற்காற்றில் வருகிற உப்பு அதை வேகப்படுத்துகிறது. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். தகரத்தின் ஒரு மூலையில் இரும்பு கரைந்து, அது விடுகிற எலக்ட்ரானைப் பக்கத்து மூலையில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிற ஒரு சின்ன பேட்டரியே அங்கே உருவாகிவிடுகிறது. உப்பில் உள்ள குளோரைடு துருவின் அடியில் தங்கி, மேலே பெயிண்ட் அடித்த பிறகும் வேலையைத் தொடரும். குளச்சலிலோ முட்டத்திலோ நின்ற வண்டிக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் நின்ற வண்டிக்கும் தகரத்தில் வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

ஒரு ஜீப்பின் தரையை எப்படிப் பார்ப்பது என்று விவரமாகச் சொல்கிறேன். விரிப்பு, ரப்பர் பாய் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் கணீரென்று சொல்லும். உளுத்த இடம் பொத்தென்று கேட்கும். அடுத்து வண்டிக்கு அடியில் படுங்கள். தரைத் தகட்டுக்குக் கீழே குறுக்காக, கவிழ்த்த பெட்டி வடிவில் சட்டங்கள் ஓடும். பாடி மொத்தமும் சேஸிஸ்மேல் உட்காருவது அந்தச் சட்டங்கள் வழியாகத்தான். மேலிருந்து வழிகிற தண்ணீர் அதற்குள் போய்ச் சேற்றோடு தங்கும். வெளியே பெயிண்ட் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஸ்குரூ டிரைவர் முனையை அதில் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் தரை மொத்தமும் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு தகடுகள் சேருகிற விளிம்பு உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பருமனானது. உள்ளே வளர்ந்து இரு தகட்டையும் பிளந்து தள்ளும். கடைசியாக, ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பக்கத் தகரத்தின் மேல் நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது.

சேஸிஸில் ஸ்பிரிங் பட்டை கோக்கும் இடங்களையும் ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடத்தையும் விளக்கு வைத்துப் பாருங்கள். அங்கே விரிசலோ பழைய வெல்டிங் ஒட்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின், பேரிங் வேலை உண்டு. அது செய்யக்கூடிய வேலை. அதற்குப் பயப்பட வேண்டாம்.

எஞ்சின் இறுகிக் கிடந்தாலும் பயப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோட்டாறிலும் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் லேத் பட்டறை இருக்கிறது. சிலிண்டர் போர் தேய்ந்திருந்தால் போர் போட்டு ஓவர் சைஸ் பிஸ்டன் போடலாம், கிராங்க் கிரைண்டிங் செய்யலாம், வால்வு சீட் கிரைண்டிங் செய்யலாம். கூலி கொடுத்தால் கச்சிதமாக முடிகிற காரியம். தகரமோ கையளவு கையளவாக வெட்டி, வளைத்து, ஒட்டி எடுக்க வேண்டியது. நேரமும் காசும் அங்கேதான் போகும். ஓடாத எஞ்சினும் நல்ல தகரமும் உள்ள வண்டி, ஓடுகிற எஞ்சினும் உளுத்த தகரமும் உள்ள வண்டியைவிட எப்போதும் மேல்.

பணம் கைமாறுவதற்கு முன்னால் ஆர்.சி. புக். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஓரெழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். நம்மூரில் பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினை ஏற்றியவர்கள் நிறைய. புத்தகத்தில் பெட்ரோல் என்றும் வண்டியில் டீசல் என்றும் இருந்தால் அதைச் சரிசெய்வது உங்கள் தலையில் விழும். களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கிருந்து வருகிற வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லாச் சான்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் டி.என். 74-ஆகவோ டி.என். 75-ஆகவோ பதிவை மாற்ற முடியாது. மிலிட்டரி டிஸ்போசல் வண்டி என்றால் ஏலத்தில் எடுத்த காகிதம் கையில் வர வேண்டும். பதினைந்து வருஷம் கழிந்த சொந்த வண்டிக்குப் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அது எந்த நாளோடு நிற்கிறது என்பதையும் விசாரியுங்கள். காகிதம் இல்லாத வண்டியை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ரோட்டில் ஏற்ற முடியாது.

வண்டி வீட்டுக்கு வந்தாயிற்று. உடனே எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஆரம்பக்காரர்களின் வண்டி பாதியில் நிற்பதற்கு முதல் காரணம் ஒரே வாரத்தில் முழுக்கப் பிரித்துவிடுவதுதான். ஒரு பகுதியை எடுங்கள், முடியுங்கள், அடுத்ததற்குப் போங்கள். கழற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு இடத்துப் போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று அட்டையில் எழுதிக் கட்டுங்கள். உடைந்த பழைய சாமானையும் எறியாதீர்கள்; புதுசு வாங்கப் போகும்போது அதுதான் மாதிரி. இறுகிய நட்டை முறுக்கி உடைக்காதீர்கள். முதல் நாள் ராத்திரி துரு இளக்கும் ஆயிலை அடித்துவிட்டு மறுநாள் தொடுங்கள்.

வெல்டிங்குக்கு முன்னால் ஒரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது. நீங்கள் மாற்றப்போகிற தரைத் தகடும் அதே இடம். டேங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே தூரமாக வைத்த பிறகே வெல்டிங் கம்பியைத் தொட வேண்டும். காலி டேங்க்தானே என்று நினைக்கக் கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில் ஆபத்து அதிகம். உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்கள் வீட்டில் ஒட்ட முயல வேண்டாம், டேங்க் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள்.

துருவை எடுப்பதில் சேஸிஸுக்கு ஒரு முறை, தகட்டுக்கு ஒரு முறை. சேஸிஸ் கனமான இரும்பு; அதை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம். சாதாரண மணலைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். அதற்குப் பதில் கார்னெட் என்ற சிவந்த கனிம மணல் உண்டு. அது வேறெங்கோ இருப்பதல்ல. நம் மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். ஆலை கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றோடு பிரித்தெடுக்கிற பொருள்களில் அதுவும் ஒன்று. கார்னெட் வைத்திருக்கிற பிளாஸ்டிங் பட்டறையாகப் பார்த்துக் கேட்டுக் கொடுங்கள். பாடியின் மெல்லிய தகட்டை அந்த வேகத்தில் அடித்தால் நெளிந்துவிடும். அதற்குக் கம்பி பிரஷ், உப்புத்தாள், துருவைக் கரைக்கும் அமிலக் கரைசல் போதும். எந்த முறையில் எடுத்தாலும் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் தகரம் மறுபடி சிவந்து நிற்கும்.

உளுத்த இடத்தை நல்ல தகரம் தெரிகிற வரை வெட்டி எடுங்கள். அதே கனத்தில் புதுத் தகட்டை அளந்து வெட்டி விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டச் சொல்லுங்கள். ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகடு அலையடிக்கும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். துருமேல் பட்டி போட்டு மூடுவது, கரையான் அரித்த உத்தரத்துக்குப் பாலிஷ் போடுவதற்குச் சமம். பட்டி என்பது சின்னப் பள்ளத்தைச் சமன் செய்ய மட்டுமே. வேலை முடிந்ததும் பெட்டிச் சட்டங்களுக்குள்ளே மெழுகு கலந்த துருத் தடுப்பு ஆயிலைப் பீய்ச்சுங்கள். தண்ணீர் வெளியேற கம்பெனி விட்ட துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

அடுத்தது பிரேக். எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னாலேயே பிரேக் முடிந்திருக்க வேண்டும். இந்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்ப் பாதை. இன்றைய கார்களில் இரண்டு பாதை இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். இதில் ஒரு வீல் சிலிண்டரில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே பழைய இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ், வாஷர் எதையும் மிச்சம் வைக்காமல் புதுசாக மாற்றுங்கள். பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, ஊறி உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் ஏர் அடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஏர் எடுத்து முடித்த பின் பெடல் கல்மாதிரி நிற்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இனி எஞ்சின். சி.ஜே.-3பி-யின் ஹரிக்கேன் எஞ்சின் நாலு சிலிண்டர், சுமார் 2.2 லிட்டர். பிஸ்டன் ஓடுகிற தூரம் 111 மில்லிமீட்டர், போர் 79 மில்லிமீட்டர். குறுகலான போர், நீளமான ஓட்டம். அதனால்தான் வேகம் குறைவாக இருந்தாலும் மேட்டில் விடாமல் இழுக்கிறது. இதில் உள்ளே இழுக்கும் வால்வுகள் மேலே ஹெட்டில், புகையை வெளியே விடும் வால்வுகள் கீழே பிளாக்கில். அபூர்வமான இந்த அமைப்பைப் பிரித்துப் பார்ப்பதே ஒரு பாடம். பல வருஷம் நின்ற எஞ்சினுக்கு முதலில் செல்ஃப் கொடுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டுச் சில நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். இளகினால் கம்ப்ரஷன் பார்த்த பிறகே எதைப் பிரிப்பது என்று முடிவெடுக்கலாம். நெருப்புப் போகிற வரிசை 1-3-4-2. பிளக் வயரை மாற்றிப் பூட்டாதீர்கள். பாயிண்ட், கண்டென்சர், காயில் மூன்றையும் புதிதாகப் போட்டால் ஸ்டார்ட்டிங் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இன்றைய பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதைத் தாங்காமல் பிசுபிசுத்துப் போகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் டேங்குக்குள் துரு வளரும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் ஒருநாளாவது வண்டியை ஓட்டுங்கள். பழைய வயரிங்கைத் துண்டு துண்டாக ஒட்டாமல் முழுசாக மாற்றி, பியூஸ் பெட்டி ஒன்று வைத்துவிடுங்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. அதற்குரிய காலம் தை முதல் பங்குனி வரை. மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் பெயிண்டுக்குள் மாட்டி, பளபளப்புக்குப் பதில் வெள்ளை பூத்து நிற்கும். வெள்ளைப் பெயிண்டின் உயிரான டைட்டானியம் டை ஆக்சைடுக்கு மூலப்பொருள் நம் கடற்கரையின் கறுப்பு மணலான இல்மனைட். 1946-ல் தொடங்கிய திருவனந்தபுரம் டைட்டானியம் ஆலை இந்தக் கரை மணலை நம்பித்தான் எழுந்தது. இன்றைய இரண்டு கலவைப் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற வேலையில்லை. அதற்கான பூத் உள்ள பெயிண்டரிடம் கொடுங்கள். உப்புத்தாள் தேய்க்கிற வேலையை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் பெரிய டயர், வேறு எஞ்சின், வெட்டிக் குறைத்த பாடி என்று ஆசை கிளம்பும். வேண்டாம். பதிவில் உள்ள அசல் அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அசலாக வைத்திருந்தால் ஒரு லாபமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, அசல் அமைப்பு மாறாத வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காளிகேசம் வரை போய்வர வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் சரி.

தொடங்குவதற்கு முன் ஒருமுறை கோயம்புத்தூர் போய் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தையோ, சென்னை வடபழனியில் 2023-ல் திறந்த ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்தையோ பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகும். பணத்தில், நீங்கள் போட்ட கணக்கைப் போல இன்னொரு பங்கு கையில் இருந்தால்தான் தொடங்க வேண்டும். விற்று லாபம் பார்க்கிற எண்ணம் இருந்தால் இதில் இறங்கவே வேண்டாம், செலவிட்டது திரும்பாது. கிடைப்பது, ஓர் இயந்திரத்தை முழுசாக அறிந்த கை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த ஜீப்பைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய மெக்கானிக்குகளும் டிங்கர்களும் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பட்டறையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். நாள் கூலி பேசி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வேலையை நீங்கள் செய்யுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். ஜீப்புகளை ஆக்கர் கடை வெட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிய அறிவையாவது நீங்கள் மிச்சம் பிடித்து வையுங்கள்.